பள்ளத்தை மூடிய நாள்

ஒத்தமரத் தோட்டத்து ஆட்களுக்கு ஒரு வித்தை தெரியும். விடியும்போது காய்கறிப் பாத்தியாக இருந்த இடத்தைப் பத்து மணித் தேத்தண்ணிக்குள் வெறுங்காடாக்கிக் காட்டுவார்கள். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. போஞ்சிக்கு ஊன்றிய கம்புகளைப் பிடுங்கி ஓடைக்கு அந்தப் பக்கம் புதருக்குள் எறிய வேண்டியது. வேலியைச் சுருட்ட வேண்டியது. மானாப்புல்லைக் கட்டுக்கட்டாக அறுத்து வந்து வெங்காயத்தாள் போல நிற்கிற லீக்ஸ், முட்டைக்கோசான கோவா, கரட் பாத்திகளின் மேல் பரப்பிவிட வேண்டியது. மேலே நின்று பார்க்கிறவர் கண்ணுக்குப் புல்லும் சேறும்தான் தெரியும். இந்த வேலைக்கு ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பெயர் 'பள்ளத்தை மூடுறது'.

ஏன் மூட வேண்டும் என்று கேட்டால், அது தோட்டத்து நிலம். கம்பெனிக்குச் சொந்தம். ஓடையோரச் சதுப்பு என்பதால் அங்கே தேயிலை வேர் அழுகிச் செத்துப்போகும். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் தொரை, "என்னமும் நட்டுத் தின்னுங்க" என்று வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்த தொரைமார் கண்டும் காணாமல் இருந்தார்கள். ஆனால் கொழும்பிலிருந்து மேற்பார்வைக்கு வரும் பெரிய தொரை கண்ணில் மட்டும் அது படக்கூடாது. பட்டால் பாத்தியும் போகும், பேரையும் வெட்டி வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். ஆகவே பெரிய தொரை வருகிறார் என்றால் பள்ளம் மூடப்படும். போஞ்சி வாடிச் சாகும். லீக்ஸ் கெட்டி உயிர், ஒரு பகல் புல்லுக்கடியில் கிடந்தாலும் மறுநாள் நிமிர்ந்துகொள்ளும். எங்கள் ஆட்களைப் போல என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

இந்த வித்தையில் மன்னன் சோலைமலை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கை. எந்தப் பாத்திக்கு எத்தனை கட்டுப் புல் என்று பார்வையாலேயே சொல்லிவிடுவான். அவன் பெண்டாட்டி ராக்காயிக்கோ பள்ளத்தை மூடுகிற நாள் ஆகாது. பள்ளத்தின் நடுவில், ஓடை வளையும் இடத்தில் இருந்த பாத்திகள் அவளுடையவை. அவள் அப்பன் மாயாண்டி கல் பொறுக்கி, வாய்க்கால் வெட்டி, மாட்டெரு சுமந்து கொட்டி ஆக்கிய மண். அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை. குடியிருந்த ஒற்றை அறைக் காம்பிரா கம்பெனியுடையது. குடிக்கிற பீலித் தண்ணீர் கம்பெனியுடையது. நாளெல்லாம் பறிக்கிற கொழுந்து ஒரு இலைகூட அவளுடையது இல்லை. பள்ளத்தில் குனிந்து ஒரு லீக்ஸைப் பிடுங்கி மண்ணை உதறும்போது மட்டும், 'இது என்னது' என்று அவள் மனசு சொல்லும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, இடுப்பு ஒடிந்தாலும் பரவாயில்லை என்று அந்திவரைக்கும் அங்கேயே கிடப்பாள்.

அறுபத்தோராம் வருசம், மாசி மாதம். பனி விலகி நல்ல வெயில். காலைப் பெரட்டில் ஆட்களை எண்ணித் தேயிலை நிரைக்குப் பிரித்த பிறகு கணக்கப்பிள்ளை ஆண்டியப்பன் தொண்டையைக் கனைத்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. நாளைக்குக் கொழும்புலேருந்து பெரிய ஆளுங்க வர்றாங்க. பள்ளத்துப் பக்கந்தான் பாப்பாங்களாம். என்ன செய்யணும்னு நான் சொல்லணுமா?"

"பெரிய தொரைங்களா ஐயா?" என்றான் சோலைமலை.

"தொரையோ தொப்பியோ, எனக்கென்ன தெரியும். நெலத்தப் பாக்க வர்றாங்க. நெலத்தப் பாக்க வர்றவன் நல்லதுக்கா வருவான்?"

அது நியாயமாகத்தான் பட்டது. இத்தனை காலத்தில் நிலத்தைப் பார்க்க வந்தவன் எவனும் இவர்களுக்கு நல்லது செய்ததில்லை. ஆண்டியப்பனையும் குற்றம் சொல்ல முடியாது. அவர் வீட்டுக் குசினிக்கும் பள்ளத்திலிருந்துதான் காய்கறி போனது. மூடுகிற நாளில் அவர் கண்ணையும் சேர்த்து மூடிக்கொள்வார்.

அன்று சாயந்திரம் பள்ளத்தில் திருவிழாக் கூட்டம். பணிய லயம், மேட்டு லயம் இரண்டும் இறங்கிவிட்டன. ஓடைக்கு அப்பால் டிக்கோயா ரோட்டில் கடைவீதிச் சத்தம் கேட்டது. அட்டன் டவுன் வளர வளர இந்தச் சின்னக் கடைவீதியும் வீங்கிக்கொண்டு வந்தது. ரொட்டிக் கடை, தையல் கடை, சைக்கிள் கடை என்று கட்டிக்கொண்டே வந்து, இப்போது ஓடைக்கரை மட்டும் வந்து நின்றது.

ராக்காயி போஞ்சிப் பந்தலைத் தொட்டுக்கொண்டு நின்றாள். இன்னும் முற்றாத பிஞ்சு.

"கொஞ்சம் பொறுங்க. இதப் பறிச்சுக்கறேன்."

"விரல் தடிமன் கூட வரல. இதப் பறிச்சு என்னா செய்யப் போற?" என்றான் சோலைமலை.

"சாகப் போறதுதான. சட்டியில சாகட்டும்."

"சரி சரி, வெரசாப் பறி. புல்லுக்கட்டு காத்துக்கிட்டு இருக்கு."

அவள் மடியில் பறித்துப் போட்டாள். அவன் கம்புகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பிடுங்கினான்.

"ஏங்க, எத்தன வாட்டி இப்புடி நட்டு நட்டுப் புடுங்கறது?"

"நம்ம நெலமா இது?"

"நம்ம நெலந்தான்."

"அப்புடிப் போயி தொரைகிட்டச் சொல்லு. பொட்டியக் கட்டிக் கையில குடுப்பாரு."

"எனக்கு ஒரு எலுமிச்சங் கண்ணு வைக்கணும்னு ஆச. எங்கப்பாருக்கும் இருந்துச்சு. ஓட வளையிற எடத்துல ஒரே ஒரு மரம்."

சோலைமலை கம்பைக் கீழே போட்டுவிட்டு அவளைப் பார்த்தான். "மரத்த எதப் போட்டு மூடுவ?"

லயத்தில் யாருமே மரம் வைத்ததில்லை. ஒரு பருவத்துக்கு மேல் நிற்கிற எதையும் வைத்ததில்லை. மூட முடிகிற உயரத்துக்குத்தான் அவர்கள் ஆசைப்படுவார்கள். அவள் புல்லைப் பிரித்து லீக்ஸ் பாத்தியின் மேல், குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி மெதுவாகப் பரப்பினாள்.

மறுநாள் ராக்காயிக்குப் பள்ளத்துக்கு நேர் மேலே உள்ள மலையில் கொழுந்து. அவளுக்குக் கடைசி நிரை, பாதையோரம். வெயில் ஏறிய நேரத்தில் மூன்று பேர் நடந்து வந்தார்கள். முன்னால் கறுத்த, மெலிந்த ஒரு சிங்கள ஐயா. கால்சட்டையில் முழங்கால்வரை சேறு. கக்கத்தில் சுருட்டிய வரைபடம். பக்கத்தில் சிறில். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் மகன். வேதக்காரப் பையன், படித்து முடித்துக் கடைவீதியில் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தான். பின்னால் ஆண்டியப்பன், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

அந்த ஐயா பாதையில் நின்று பள்ளத்தையே பார்த்தார். பிறகு ராக்காயியைப் பார்த்துச் சிறிலிடம் ஏதோ கேட்டார்.

"அக்கா, இந்தப் பள்ளத்துல யாராச்சும் வெள்ளாம பண்றாங்களான்னு மாத்தயா கேக்குறாரு" என்றான் சிறில்.

ராக்காயி ஆண்டியப்பனைப் பார்த்தாள். ஆண்டியப்பன் வானத்தைப் பார்த்தார்.

"யாருமில்ல தம்பி. சும்மா காடு. அட்டதான் கெடக்கும்."

நாக்கு தடுமாறவே இல்லை. பெரிய தொரைமாருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய். ஆண்டியப்பன் நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஐயா வரைபடத்தை விரித்து முழங்காலில் வைத்துக்கொண்டார். சிங்களத்தில் சிறிலிடம் பேசினார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் காய் விற்றுப் பழகிய ராக்காயிக்கு அந்தப் பேச்சு முழுக்கப் புரிந்தது. அது அவருக்குத் தெரியாது.

"என்ன அருமையான மண், பார். தண்ணீரும் பக்கத்தில். இதைச் செய்கை நிலமாக வைத்துவிட வேண்டும் என்றுதான் இத்தனை தூரம் நடந்து வந்தேன். பயிர் இருக்கிற நிலத்தில் கட்டடம் வரக்கூடாது என்பதுதான் நம் அரசாங்கத் திட்டம். பயிரே இல்லை என்றால் நான் எதைச் சொல்லிக் காப்பாற்றுவேன்? டவுனுக்கு இடம் கொடுத்தாக வேண்டும். ரோட்டுக்கு மேலே அந்தக் கல்லுமலைச் சரிவா, இந்தப் பள்ளமா என்று கேட்டால், இதைத்தான் கேட்பார்கள். கட்டட நிலம் என்று குறிக்க வேண்டியதுதான், சிவப்புப் பென்சிலை எடு."

சிறில் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தான்.

அட பாவி மகளே, உன் வாயாலேயே உன் மண்ணைக் கொடுத்துவிட்டாயே என்று ராக்காயி தன்னையே திட்டிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் ஆண்டியப்பன் விடுவாரா, தொரை விடுவாரா? பேர் வெட்டினால் எங்கே போவது? சொல்லாமல் நின்றாலோ, ஓடை வளைகிற இடத்தில் சைக்கிள் கடை. அப்பன் வெட்டிய வாய்க்காலில் கக்கூஸ் தண்ணீர். பென்சில் கடதாசியில் பட்டுவிட்டதா என்றுகூட அவள் பார்க்கவில்லை. கூடையைத் தலையிலிருந்து இறக்கிப் பாதையில் வைத்துவிட்டுப் பள்ளத்துக்கு இறங்கினாள்.

"ஏய் ராக்காயி, கொழுந்த விட்டுட்டு எங்க போற?" என்றார் ஆண்டியப்பன்.

அவள் நிற்கவில்லை. தன் பாத்தியில் முழங்காலிட்டு மானாப்புல்லை இரண்டு கையாலும் வாரி எறிந்தாள். புல்லின் சுணை கையைக் கிழித்தது. வளைந்து கிடந்த லீக்ஸ் வரிசை வெளியே வந்தது.

"மாத்தயா, மே பலன்ன" என்று கூப்பிட்டாள். இதைப் பாருங்கள் என்று.

ஐயா சேற்றில் இறங்கி ஓடி வந்தார். குந்தி உட்கார்ந்து ஒரு லீக்ஸ் தாளைத் தொட்டுப் பார்த்தார். "இல்லை என்றாயே?" என்று சிங்களத்தில் கேட்டார். அதற்கு மேல் அவளுக்குச் சிங்களம் வரவில்லை. தமிழில்தான் அழுகை வந்தது.

"சொல்லு தம்பி அவருகிட்ட. பாத்தாப் புடுங்கிருவாங்கன்னு பொய் சொன்னேன். பாக்காட்டியும் புடுங்குவாங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. இது மட்டுமில்ல, இந்தப் பள்ளம் பூராவும் வெள்ளாமதான். எல்லாம் புல்லுக்கடியில கெடக்கு."

சிறில் சொன்னான். அதற்குள் மலையிலிருந்து பக்கத்துக் காம்பிரா மீனம்மா கூடையை இறக்கிவிட்டு வந்துவிட்டாள். அவள் பின்னால் இன்னும் நாலைந்து பேர். ஆளுக்கொரு பாத்தியில் குனிந்து புல்லை அள்ளினார்கள். கோவா தெரிந்தது, கரட் தெரிந்தது, உருளைக்கிழங்குச் செடி தெரிந்தது. காடாக இருந்த இடம் கண்முன்னால் தோட்டமாயிற்று.

"பைத்தியம் புடிச்சிருச்சா ஒங்களுக்கு? தொரைக்கு நான் என்னா பதில் சொல்றது?" என்று கரையில் நின்று கையைப் பிசைந்தார் ஆண்டியப்பன்.

ஐயா அவரைத் திரும்பிப் பார்த்து, தொரையிடம் தான் பேசிக்கொள்வதாகவும், இந்தப் பெண்களில் ஒருவர் பேரையும் வெட்டக்கூடாது என்றும் சொன்னார். பிறகு சிறிலிடம் கையை நீட்டினார். இந்தத் தடவை அவர் கேட்டது பச்சைப் பென்சில்.

அந்த மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதைச் சொல்லியாக வேண்டும். ஐப்பசி மழை நேரத்தில் முடிவு வந்தது. கடைவீதி ரோட்டுக்கு மேலே கல்லுமலைச் சரிவில் வளரும். பள்ளத்தை அரசாங்கம் கம்பெனியிடமிருந்து எடுத்துக்கொள்ளும். அது என்றைக்கும் செய்கை நிலமாகவே இருக்கும். ஒரு செங்கல் வைக்கக்கூடாது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். ஆண்டியப்பன்கூட இலையில் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். "நான் அப்பவே சொன்னேன், ராக்காயி கெட்டிக்காரி" என்றார். சோலைமலை சிரிப்பை அடக்கிக்கொண்டு தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தான்.

அவனைப் பிடிக்க முடியவில்லை. சவுக்குக் கம்பு வாங்கி வந்து முழ ஆழத்துக்குக் குழி தோண்டி வேலி போட்டான்.

"இனி எவன் வந்தாலும் இந்த வேலியச் சுருட்ட மாட்டேன்" என்றான்.

ராக்காயி டிக்கோயாவுக்கு நடந்தே போய் ஒரு எலுமிச்சங் கன்று வாங்கி வந்தாள். ஓடை வளைகிற இடத்தில் நட்டு, சுற்றிக் கல் அடுக்கினாள். அவள் நாற்பது வயசில் நட்ட முதல் மரம் அது. தினமும் பெரட்டுக்கு முன்னால் போய் அதைப் பார்த்துவிட்டு வருவாள். மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய்ப் பார்ப்பாள்.

"புதுப் பொண்டாட்டிகூட இப்புடிப் போயிப் பாக்க மாட்டா" என்று கேலி செய்வான் சோலைமலை.

"நீங்க புது மாப்பிளயா இருந்தப்பக் கூட ஒங்கள நான் இப்புடிப் பாக்கல" என்பாள் அவள்.

தை பிறந்தது. ஒருநாள் சாயந்திரம் சிறில் லயத்துக்கு வந்தான். காம்பிரா வாசல் இஸ்தோப்பில் போட்ட சாக்கில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தான். ராக்காயி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். லீக்ஸும் மாசிக் கருவாடும் போட்டு வதக்கிய வாசம் லயம் முழுக்க அடித்தது.

"ஒக்காருங்க தம்பி. ஒரு ரொட்டி தின்னுட்டுப் போங்க."

"இருக்கட்டும் அக்கா. பள்ளத்தத் துண்டு போட்டுக் குடுக்கப் போறாங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

சோலைமலை எழுந்துவிட்டான். "அப்பாடா. எப்ப வரணும், எங்க வரணும்? எனக்கு ஓட வளையிற துண்டுதான் வேணும், மத்தவங்களும் ஒத்துக்கிட்டாங்க."

சிறில் தரையைப் பார்த்தான். "அண்ணே, இலங்கப் பிரஜாவுரிம உள்ளவங்களுக்கு மட்டுந்தான் குடுப்பாங்களாம்."

ரொட்டி கருகியது.

"நாங்களும் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டமே" என்றான் சோலைமலை.

"போட்டீங்க. இல்லன்னுட்டாங்கல்ல. லயத்துல ஒருத்தருக்கும் கெடைக்கலியே அண்ணே."

"நான் பொறந்தது இந்தக் காம்பிராவுல. இவ பொறந்தது பணிய லயத்துல. இன்னும் என்னா வேணுமாம்?"

"எங்கிட்டக் கேட்டா நான் என்னா சொல்லுவேன். எனக்கே எங்கப்பாவால தப்பித் தவறிக் கெடச்சது."

"தம்பி," என்றாள் ராக்காயி, "அந்த ஐயாவுக்கு இது தெரியுமா?"

"அவரு நெலத்தப் பாக்குற ஆளுக்கா. நெலத்த ஆருக்குக் குடுக்குறதுன்னு வேற ஆளுங்க பாக்குறாங்க. அவரு அன்னிக்கு ஒங்களப் பத்திக் கூட எழுதினாரு. அவங்க கேக்கல."

ராக்காயி கல்லை அடுப்பிலிருந்து இறக்கினாள். "நட்டத எடுத்துக்க விடுவாங்களா?"

"விடுவாங்க. பங்குனி வரைக்கும் இருக்கு."

சிறில் போன பிறகு சோலைமலை மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். வேலியைப் பிடுங்குவேன், வாய்க்காலைத் தூர்ப்பேன், எலுமிச்சையை வேரோடு வெட்டுவேன் என்று கத்தினான். ராக்காயி மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பன் வெட்டுன வாய்க்கா. தூத்தீங்கன்னா நான் ஒங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றாள். அவன் மண்வெட்டியை விட்டுவிட்டு லயத்துச் சுவரில் சாய்ந்து அழுதான். அவன் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பங்குனியில் பள்ளத்துக்குப் புது ஆட்கள் வந்தார்கள். கீழே கிராமத்திலிருந்து வந்த சிங்களச் சனம். காணி பூமி இல்லாமல் ஊரான் வயலில் கூலிக்கு இறங்கிய குடும்பங்கள். அவர்களும் பாவப்பட்ட சனம்தான். ஓடை வளைகிற துண்டு, எலுமிச்சங் கன்றோடு சேர்த்து, சோமாவதி என்ற ஒரு பெண்ணுக்கும் அவள் புருஷனுக்கும் கிடைத்தது. வந்த அன்றே அந்தப் பெண் மண்ணைக் கையில் அள்ளி மூக்கில் வைத்துப் பார்த்தாள். மேலே மலையில் நின்ற ராக்காயி அதைக் கண்டாள். மண்ணின் அருமை தெரிந்தவள்தான் என்று ஒரு மனசு ஆறுதல் பட்டது. இன்னொரு மனசுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

வைகாசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் சாயந்திரம் நனைந்த கம்பளியை அடுப்புக்கு மேல் கட்டிவிட்டு இருவரும் சாப்பிட்டார்கள். ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டச்சம்பலும். பள்ளம் போன பிறகு சட்டியில் காய் என்று ஒன்று விழுவது அபூர்வம்.

"அன்னிக்கு நீ வாயப் பொத்திக்கிட்டு நின்னிருக்கலாம்" என்றான் சோலைமலை. கோபமாகச் சொல்லவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"நின்னிருந்தா?"

"கடை கட்டியிருப்பான். கட்டுனா என்னா, கட்டாட்டி என்னா. நமக்கு ரெண்டும் ஒண்ணுதான். என்னமோ வெள்ளாமயக் காப்பாத்துனோம்னு பொங்க வச்சதுதான் மிச்சம்."

ராக்காயி ரொட்டியைப் பிட்டுக் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஒண்ணு இல்லைங்க. கடை கட்டியிருந்தா மண்ணு செத்துப்போச்சுன்னு ஒரு நா அழுதுட்டு விட்டிருப்பேன். செத்தவங்கள மறக்குறதில்லையா. இது உசுரோட இருக்குல்ல. எங்கப்பன் வெட்டுன வாய்க்காத் தண்ணி ஓடுது. லீக்ஸ் முழங்கை ஒசரம் வந்திருச்சு. தெனம் அதுக்கு மேல நின்னு ஆருக்கோ கொழுந்து பறிக்கிறேன். இந்த வேதன கடை கட்டியிருந்தா வந்திருக்காது."

"அப்ப தப்புன்னு ஒத்துக்கிறியா?"

"இல்ல," என்றாள். "மறுபடி கேட்டாலும் புல்ல எடுக்கத்தான் செய்வேன்."

சோலைமலை தன் இலையிலிருந்த சம்பலில் பாதியை அவள் பக்கம் தள்ளி வைத்தான்.

இந்தப் பேச்சு பக்கத்துக் காம்பிரா மீனம்மா காதில் விழுந்திருக்க வேண்டும். லயத்துச் சுவருக்குக் காது உண்டு என்பது தெரிந்ததுதானே. மறுநாள் காலை பள்ளத்துக்கு மேலே உள்ள அதே மலை. மழை விட்டு மூட்டம் கலைந்திருந்தது. மீனம்மா கூடையோடு ராக்காயியின் நிரைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, நீ என் நெரைக்குப் போ. அது மேட்டுக்கு அந்தப் பக்கம். நான் இங்க நிக்கிறேன். கங்காணிகிட்டச் சொல்லிட்டேன், அவரும் சரின்னுட்டாரு."

"எதுக்குடி?"

"அங்கேருந்து பள்ளம் தெரியாது."

ராக்காயி கூடைக் கயிற்றைத் தலையில் சரி செய்துகொண்டு இரண்டு எட்டு மேலே ஏறினாள். கீழே சோமாவதி குனிந்து பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். மழை குடித்த லீக்ஸ் வரிசை நீலம் பாய்ந்து நின்றது. ராக்காயி திரும்பி வந்து தன் நிரையில் நின்றுகொண்டாள்.

"நீ போடி. நான் இங்கயே நிக்கிறேன்."

"ஏன்க்கா, பாத்துப் பாத்து வேகணுமா?"

"வெந்தா வேகுறேன். அவ இன்னும் கொஞ்ச நாள்ல லீக்ஸப் புடுங்கிருவா. அது வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கேன்."

மீனம்மா மேட்டுக்கு ஏறிப் போனாள். ராக்காயி கொழுந்தைத் தடவித் தடவிப் பறித்தாள். அவள் கண் பள்ளத்திலேயே இருந்தது.